மூளை வகுப்பும் உப்புப் பக்கட்டும்

பாலாவிச் சந்தியில் இருந்து கற்பிட்டிப் பக்கம் பஸ் திரும்பினால், களப்புப் பக்கமாக இடைக்கிடை உப்பளங்கள் தெரியும். இப்ப அதே பாதையில் இன்னொன்றும் அடிக்கடி தெரியுது: மூளை வகுப்பு பேனர். பிள்ளையின் மூளைத் திறன் பல மடங்காகும், ஞாபகசக்தி கூடும், கவனம் கூடும், கணக்குப் பயம் போகும் என்று எழுதியிருக்கும். கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர். நம்ம கரையோர ஊர்களில் மட்டும் இல்ல. சிலாபம், நீர்கொழும்பு, கொழும்பு, கடல் தாண்டினால் சென்னை, மதுரை என்று எங்கே போனாலும் இதே பேனர்தான். பிள்ளையின் படம் மட்டும் மாறும்.

இந்த வகுப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம வயசுக்காரர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிஞ்சிடுறோம். ஒரு கட்சி "எல்லாம் ஏமாத்து வேலை" என்று சிரிச்சிட்டுப் போகும். மற்றக் கட்சி "எங்க சாச்சிட மகன் போறான், என்ன வேகமாக் கணக்குச் செய்றான் தெரியுமா?" என்று கேட்கும். ரெண்டு பேர் சொல்றதிலும் பாதி உண்மை இருக்கு. அந்தப் பாதிகளைப் பிரிச்சுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நான் கலைப்பீட மாணவி, நரம்பியல் படிச்சவள் இல்ல. ஆனா இந்த ஆய்வுகளை வாசிக்க நரம்பியலை விட ஒரு கேள்விதான் அவசியம்: "எதை எதோட ஒப்பிட்டாங்க?" இந்த ஒரு கேள்வியைக் கையில் வச்சுக்கொண்டு போனால் பாதித் தூரம் போயிடலாம்.

ஒரு கட்டணத்தில் ரெண்டு வாக்குறுதி

மூளைப் பயிற்சி என்ற பெயரில் நமக்கு விற்கப்படுவது ரெண்டு வாக்குறுதி. முதலாவது: இந்த வேலையைப் பழகினால் இந்த வேலை நல்லா வரும். ரெண்டாவது: இந்த வேலையைப் பழகினால் மூளையே கூர்மையாகி, பழகாத வேலைகளும் நல்லா வரும்.

முதலாவதில் யாருக்கும் சந்தேகம் இல்ல. வலை பொத்தப் பழகினால் வலை பொத்த வரும். ஆனா பெற்றோர் காசு கட்டுவது ரெண்டாவதுக்கு. பிள்ளை அபகஸ் மணியைத் தள்ளுற அழகைப் பார்க்க யாரும் மாசாமாசம் காசு கட்டுறதில்ல. அதால் புலமைப்பரிசில் சித்தியாகும், பிறகு விஞ்ஞானம் வரும், பிறகு கம்பஸ் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்தக் காசு.

கல்வி உளவியலில் இந்த ரெண்டாவது வாக்குறுதிக்குக் கற்றல் இடமாற்றம் என்று பேர். இதைச் சோதிச்சுப் பார்க்கத் தொடங்கி நூறு வருஷம் தாண்டிட்டுது. 1901இல் அமெரிக்காவில் எட்வர்ட் தோர்ண்டைக், ரொபர்ட் வுட்வர்த் என்ற ரெண்டு பேர் ஆய்வு ஒன்றை வெளியிட்டாங்க. லத்தீன் மாதிரிக் கஷ்டமான பாடம் படிச்சால் மொத்த மூளையும் பலமாகும் என்று பரவலாக நம்பின காலம் அது. அவங்க ஆட்களுக்குச் செவ்வகங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடப் பழக்கினாங்க. பழகின செவ்வகங்களில் எல்லாரும் தேறினாங்க. வேற அளவு, வேற வடிவம் என்று கொடுத்ததும் அந்தத் தேர்ச்சியில் பெரும்பகுதி கூட வரல்ல.

இதை விட எனக்குப் பிடிச்சது இன்னொரு ஆய்வு. 1980இல் வெளியானது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படிச்ச ஒரு மாணவன், நம்மள மாதிரி ஒரு சாதாரண அண்டர்கிராஜுவேட். ஒவ்வொன்றாக வாசிக்கப்படும் இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லணும். தொடக்கத்தில் அவனால் 7 இலக்கம்தான் முடிஞ்சது, நம்மளால் முடியிற அளவுதான். கிட்டத்தட்ட 20 மாசம், மொத்தம் 230 மணித்தியாலம் அளவில் பழகினான். கடைசியில் 79 இலக்கம் வரைக்கும் சொன்னான்.

அப்ப ஞாபகசக்தி பத்து மடங்குக்கு மேல கூடிட்டுது, பேனர் சொன்னது உண்மைதானே? ஆய்வாளர்கள் அதோட நிறுத்தல்ல. இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தாங்க. ஆள் மறுபடி 6 எழுத்தில் நின்றான். காரணம் எளிது. அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். இலக்கங்களை மூணும் நாலுமாகப் பிரிச்சு, ஓட்டப் போட்டி நேரங்களாக மாத்தி மனசில் வச்சிருந்தான். எழுத்துகளை ஓட்ட நேரமாக மாத்த முடியாதே. அவன் கட்டினது இலக்கங்களுக்கான ஒரு சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்துக்கு வெளியே அவனுடைய ஞாபகம் பழைய ஞாபகம்தான்.

தமிழில் இதை விடப் பெரிய ஆட்கள் இருந்திருக்காங்க. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து சதாவதானி என்று பேர் வாங்கினார். அவதானம் என்றால் பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனசில் வச்சிருப்பது. ஒருவர் கேட்ட ஈற்றடிக்கு வெண்பா முடிக்கணும், இன்னொருவர் கணக்குக் கேட்பார், பின்னால் மணி அடிக்கிறதையும் முதுகில் விழுகிற கல்லையும் எண்ணிக்கொண்டே இருக்கணும். பாவலரை நினைச்சுப் பெருமைப்படுறோம், சரி. ஆனா அந்தத் திறமைக்கு அடியில் இருந்தது தமிழ் இலக்கணத்திலும் செய்யுளிலும் வருஷக்கணக்கான படிப்பு. அந்த வருஷங்களைத் தாண்டிப் போகக் குறுக்குப் பாதை இருக்கு என்று சொல்றவர் பேனர்காரர் மட்டும்தான்.

வடோதராவில் மூணு வருஷம்

"சரி, அமெரிக்கக் கதை எல்லாம் எதுக்கு? அபகஸ் வகுப்பைப் பற்றிச் சொல்லு" என்று கேட்பீங்க. சொல்றேன். இந்தியாவிலேயே அந்தச் சோதனை நடந்திருக்கு.

குஜராத்தில் வடோதரா நகரத்தில் 5 முதல் 7 வயசு வரையான 204 பிள்ளைகளை எடுத்து, டேவிட் பார்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் மூணு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. முடிவுகள் 2016இல் வெளிவந்தன. யார் அபகஸ் படிப்பது, யார் படிக்காமல் இருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிச்சாங்க. இது முக்கியம். பெற்றோர் தாமே சேர்த்தால், வசதியும் அக்கறையும் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் வகுப்பில் இருப்பாங்க. பிறகு அவங்க நல்லாச் செய்தால் அது வகுப்பாலா வீட்டாலா என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அபகஸ் படிக்காத குழுவைச் சும்மா விட்டுவிடல்ல. அவங்களுக்கும் வழக்கமான முறையில் மேலதிகக் கணித வகுப்பு கொடுத்தாங்க.

என்ன நடந்தது? மனசுக்குள்ளே அபகஸைக் கற்பனை செய்து கணக்குப் போடுற பிள்ளைகள், எண்கணிதத்தில் மற்றக் குழுவை விட நல்லாச் செய்தாங்க. ஆக, சாச்சிட மகன் வேகமாகச் செய்றான் என்பது பொய் இல்ல. ஆனா வேலைசெய் ஞாபகம் மாதிரியான அடிப்படை மூளைத் திறன்களை அளந்தபோது, அபகஸ் பயிற்சி அவற்றை மாத்தினதாகத் தெரியல்ல. தலைகீழாக இன்னொன்று தெரிஞ்சது. இடம் சார்ந்த வேலைசெய் ஞாபகம் தொடக்கத்திலேயே நல்லா இருந்த பிள்ளைகள்தான் அபகஸை நல்லாப் பிடிச்சுக்கொண்டாங்க. நம்ம பேனரில் சிரிக்கிற சாம்பியன் பிள்ளையை வகுப்பு உருவாக்கிச்சா, அல்லது அந்தப் பிள்ளைக்குப் பொருத்தமான வகுப்பு கிடைச்சுதா? படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

என் கருத்தில் இது அபகஸுக்கு எதிரான முடிவு இல்ல. கூட்டல் கழித்தல் வேகமாக வரணும் என்றால் அபகஸ் நல்ல வழி. "கணக்கு வகுப்பு" என்று பேர் போட்டு அந்த விலைக்கு விற்றால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. "மூளை வகுப்பு" என்று போடும்போதுதான் பிரச்சினை தொடங்குது.

அபகஸோடு சேர்த்துப் பேசக்கூடாத இன்னொரு சரக்கும் சந்தையில் ஓடுது: நடுமூளையைத் தூண்டுறது. பிள்ளையின் கண்ணைக் கட்டி, புத்தகத்தை வாசிக்க வைக்கிற வித்தை. நடுமூளை நம்ம எல்லாருக்கும் பிறந்த நாளில் இருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கு. அதைச் சுவிட்ச் போட யாரும் தேவையில்ல. இந்தியாவில் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் இதைப் பகிரங்கமாகவே உடைச்சுக் காட்டினாங்க. கட்டின துணிக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள சின்ன இடைவெளியால் பிள்ளை எட்டிப் பார்க்குது, அவ்வளவுதான். இதில் எனக்குக் கவலை காசை விட அந்தப் பிள்ளைதான். பெரியவங்களுக்கு முன்னால் பொய்யாக நடிக்கப் பழக்கி, அதுக்குக் கைதட்டுறோம்.

போனுக்குள்ள இருக்கிற வகுப்பு

சின்னப் பிள்ளைகளைப் பற்றியே பேசினால் நாம தப்பிச்சிடுவோம். பரீட்சைக் காலத்தில் கவனம் கூடும் என்று மூளை விளையாட்டு ஆப் இறக்கினவங்க நம்ம செட்டிலேயும் இருக்காங்க.

2008இல் சூசன் யெக்கி என்ற ஆய்வாளரின் குழு, ஒரு குறிப்பிட்ட ஞாபக விளையாட்டைச் சில வாரம் பழகினால் புதுப் பிரச்சினைகளைத் தீர்க்கிற பொது அறிவுத்திறனே கூடும் என்று எழுதினாங்க. உலகமே திரும்பிப் பார்த்துது. 2013இல் தோமஸ் ரெடிக் குழு அதையே இன்னும் இறுக்கமாகச் செய்து பார்த்தாங்க. ஒரு குழு அந்த விளையாட்டு, இன்னொரு குழு வேற விளையாட்டு, இன்னொரு குழு ஒன்றும் இல்ல. விளையாட்டில் எல்லாரும் தேறினாங்க. பொது அறிவுத்திறனில் வித்தியாசம் வரல்ல. அதுக்கு முன்னாலேயே, 2010இல், பிபிசி தொலைக்காட்சியோடு சேர்ந்து ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை ஆறு வாரம் இணையத்தில் பழக்கிப் பார்த்திருந்தாங்க. பழகின விளையாட்டுகளில் முன்னேற்றம் இருந்தது. அவற்றுக்குக் கிட்டவான, பழகாத சோதனைகளில் கூட அது போய்ச் சேரல்ல.

2016 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் லுமோசிட்டி ஆப்பை நடத்தின கம்பனியைப் பிடிச்சுது. பாடசாலையிலும் வேலையிலும் திறமை கூடும், வயசாகும்போது வர்ற மறதி தள்ளிப்போகும் என்று ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்தது குற்றச்சாட்டு. 20 லட்சம் டொலர் கட்டி அந்த வழக்கை முடிச்சுக்கொண்டாங்க.

"ஆனா விளையாடினவங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியுதே?" என்று கேட்கலாம். இதுக்கும் 2016இல் ஒரு அழகான சோதனை நடந்துது. ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபரூகி குழு ரெண்டு விதமான துண்டுப்பிரசுரம் ஒட்டினாங்க. ஒன்றில் மூளைப் பயிற்சி, அறிவு கூடும் என்ற மாதிரி எழுதியிருந்தது. மற்றதில் வெறும் ஆய்வுக்கு ஆள் தேவை என்று மட்டும். ரெண்டு குழுவுக்கும் கொடுத்தது ஒரே பயிற்சி, ஒரே ஒரு மணித்தியாலம். முதல் துண்டைப் பார்த்து வந்தவங்களுக்கு மட்டும் பரீட்சையில் புள்ளி கூடிச்சு. நுண்ணறிவு ஈவில் சொன்னால் 5 முதல் 10 புள்ளி அளவு. ஒரு மணித்தியாலத்தில் யாருடைய மூளையும் மாறாது. வேலை செய்தது எதிர்பார்ப்பு, கூடவே அந்தத் துண்டைப் பார்த்து வர்ற ஆட்கள் எப்படிப்பட்டவங்க என்பது. பாலாவியில் தொங்குற பேனர் எப்படி வேலை செய்யுது என்பதுக்கு இதை விட நல்ல விளக்கம் நான் வாசிக்கல்ல.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்யணும். அமெரிக்காவில் 65 வயசுக்கு மேற்பட்ட 2,832 பேரை வச்சு நடந்த அக்டிவ் என்ற பெரிய ஆய்வில், கண்ணால் வேகமாகப் பார்த்துத் தீர்மானிக்கிற பயிற்சியின் பலன் பத்து வருஷத்துக்குப் பிறகும் தெரிஞ்சது. அந்தக் குழுவில் மறதி நோய் வர்ற அபாயம் 29 சதவீதம் குறைவு என்று 2017இல் எழுதினாங்க. அதே ஆய்வில் ஞாபகப் பயிற்சி பெற்ற குழுவுக்குப் பத்து வருஷத்தில் அந்தப் பலன் கரைஞ்சு போயிருந்தது. ஆக, "மூளைப் பயிற்சி எல்லாமே பொய்" என்று ஒரே போடாகப் போடுறதும் தப்பு. எந்தப் பயிற்சி, எந்த வயசு, எதுக்கு என்று பிரிச்சுக் கேட்கணும். வயோதிபர்களின் மறதியைப் பற்றின ஒரு முடிவைக் கொண்டுவந்து தரம் 5 பிள்ளையிடம் விற்க முடியாது.

ஏலக் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கும்

நம்ம கரையில் மீன் ஏலம் நடக்கிற நேரம் வாப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிற பையன்களைப் பார்த்திருப்பீங்க. கிலோ விலை, எடை, வெட்டுக்கழிவு, பங்கு எல்லாத்தையும் தலைக்குள்ளேயே போட்டுச் சொல்லுவாங்க. அதே பையனிடம் கொப்பியில் நீண்ட வகுத்தல் கொடுத்தால் முழிப்பான். நாம உடனே "படிப்பில் மொக்கு" என்று முடிவு கட்டிடுறோம்.

2025 பெப்ரவரியில் நேச்சர் சஞ்சிகையில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கே உள்ளிட்டவர்கள் எழுதின ஆய்வு இதைப் பற்றித்தான். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் விற்பனை செய்கிற 1,436 பிள்ளைகளை ஆராய்ஞ்சாங்க. சந்தையில் சிக்கலான கணக்கைச் சரியாகச் செய்த பிள்ளைகள், அதே கணக்கைப் பாடப்புத்தக வடிவத்தில் கொடுத்ததும் தடுமாறினாங்க. மறுபக்கம், சந்தை அனுபவம் இல்லாத 471 பாடசாலைப் பிள்ளைகள் எழுத்துக் கணக்கு ஓரளவு செய்தாங்க, சந்தைக் கணக்கில் விழுந்தாங்க. 1985இலேயே பிரேசிலில் தெரேசினா கராஹெர் குழு தெருவில் விற்கிற பிள்ளைகளிடம் இதே மாதிரி ஒன்றைக் காட்டியிருந்தாங்க.

எனக்கு இந்தக் கட்டுரையில் ஆக முக்கியமான இடம் இதுதான். திறமை தானாக ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு நடந்து போகாது. நடுவில் யாராவது பாலம் போடணும். "நீ ஏலத்தில் செய்றியே மகன், அதுதான் இந்த வகுத்தல்" என்று காட்டித் தர ஒரு ஆசிரியர் வேணும். அந்தப் பாலத்தை எந்த ஆப்பும் போட்டுத் தராது. ஏலத்தில் நிற்கிற பையனுக்கு மூளை ஏற்கனவே இருக்கு. குறைவாக இருப்பது அவனுக்குக் கிடைக்கிற ஆசிரியர் நேரம்.

உப்பு

சரி, பொதுவாக மூளைத் திறனைக் கூட்டுறது என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லையா? இருக்கு. பேனர் போடாத ரெண்டு விஷயம் எனக்குத் தெரியும்.

ஒன்று பாடசாலை. ஸ்டுவர்ட் ரிச்சி, எலியட் டக்கர்-ட்ரோப் என்ற ரெண்டு பேர் 2018இல், 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றின பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஒவ்வொரு மேலதிகப் படிப்பு வருஷத்துக்கும் நுண்ணறிவு ஈவு 1 முதல் 5 புள்ளி வரை கூடுது. கெட்டிக்காரர்கள் கூடக் காலம் படிக்கிறதால் வர்ற தோற்றமா இது? அதையும் கவனிச்சுத்தான் செய்திருக்காங்க. சட்டம் மாறி எல்லாரும் கூடுதல் வருஷம் படிக்க வேண்டி வந்த நாடுகளிலும் இதே போக்குத்தான்.

இதை நம்ம கரைக்குக் கொண்டுவாங்க. பருவம் மாறினதும் கிழக்குக் கரைக்கும் தீவுகளுக்கும் வாடி போட்டுப் போற குடும்பங்கள் புத்தளம் மாவட்டத்தில் எத்தனை! பிள்ளையும் கூடப் போனால் அத்தனை வாரப் பாடமும் போச்சு. கணித ஆசிரியர் இல்லாத தவணைகள் வேற. 1990இல் வடக்கில் இருந்து விரட்டப்பட்டு வந்த பிள்ளைகளுக்கு ஓலைக் கொட்டிலுக்குள்ள பாடம் எடுத்த ஆசிரியர்களை இந்த மாவட்டம் பார்த்திருக்கு. பாடசாலை நாள் ஒன்றின் பெறுமதி தெரியாத ஊர் இல்ல இது. இருந்தும், வருகைப் பதிவைப் பற்றிப் பேசாமல் மூளை வகுப்பைப் பற்றிப் பேசுறோம்.

மற்றது உப்பு. அயடின் இல்லாவிட்டால் தைரொயிட் சுரப்பி ஓமோன் செய்ய முடியாது. அந்த ஓமோன் இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளை சரியாக வளராது. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புக்கு உலகத்தில் ஆகப் பெரிய காரணம் அயடின் குறைபாடு என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. இலங்கையில் தென்மேற்கு ஈரவலயம் ஒரு காலத்தில் தொண்டைக் கழலைக்குப் பேர் போன பகுதி. 1995இல் சட்டம் வந்துது: மனிதர் சாப்பிடுகிற உப்பில் அயடின் கலக்கணும். நாட்டுக்கு உப்பு கொடுக்கிற பெரிய இடங்களில் ஒன்று புத்தளம். நம்ம களப்போரத்தில் விளைஞ்ச உப்பில் அயடின் கலந்து, பக்கட்டில் அடைச்சு, கழலை இருந்த ஊர்களுக்கெல்லாம் போயிருக்கு.

இதுவும் ஒப்பீட்டோடு சோதிக்கப்பட்டது. அல்பேனியாவில் அயடின் குறைபாடு இருந்த 10 முதல் 12 வயசு வரையான 310 பிள்ளைகளை மைக்கல் சிமர்மன் குழு ரெண்டாகப் பிரிச்சாங்க. ஒரு பகுதிக்கு அயடின், மற்றப் பகுதிக்கு வெறும் குளிசை; யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. 24 வாரத்தில் அயடின் கிடைச்ச பிள்ளைகள் 7 சோதனைகளில் 4இல் முந்தினாங்க. அதில் ஒன்று வடிவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கிற சோதனை. புலமைப்பரிசில் முதலாம் வினாத்தாளில் வர்ற நுண்ணறிவுக் கேள்விகளுக்குச் சொந்தக்காரன். அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் கூட அதைப் பழகல்ல. முடிவுகள் 2006இல் வெளிவந்தன.

இதைக் கேட்டு யாரும் சோத்தில் உப்பைக் கூட்டிப் போடாதீங்க! குறைபாடு உள்ளவங்களுக்குத்தான் அயடினால் முன்னேற்றம். போதுமான அளவு இருக்கிறவங்களுக்கு மேலதிக அயடினால் மேலதிக மூளை வராது, மேலதிக உப்பால் பிரஷர்தான் வரும். நான் சொல்ல வர்றது வேற. 10 மடங்கு, 20 மடங்கு என்று கத்தாமல், சமையலறையில் ஒரு மூலையில் இருந்துகொண்டு, பணக்காரன் ஏழை என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது அந்தப் பக்கட். 2025இல் உப்புத் தட்டுப்பாடு வந்தபோது விலையைப் பற்றி நாடே பேசிச்சு. அந்த உப்பு பிள்ளைகளின் தலைக்குள்ளே செய்த வேலையைப் பற்றி யாரும் பேசல்ல.

யாருடைய மூளைக்குக் குறை?

ஒவ்வொரு வருஷமும் 3 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசில் எழுதுறாங்க. பெரிய பாடசாலைகளில் இடம் கொஞ்சம். பத்து வயசில் இவ்வளவு பெரிய வாசலை வச்சால், அந்த வாசலுக்கு வெளியே சாவி விற்கிறவங்க வரத்தான் செய்வாங்க. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல்ல. கடலை நம்பி வாழ்ற ஒரு வாப்பா, தன் மகன் கடலுக்குப் போகக் கூடாது என்று நினைச்சுக் கட்டுற காசு அது.

எனக்குக் கோபம் வர்றது அதுக்குப் பிறகு நடக்கிறதில். எங்க ஊரில் ஒரு பையன் ரெண்டு வருஷம் இப்படி ஒரு வகுப்புக்குப் போனான். பெருக்கலில் புலி. பரீட்சையில் வெட்டுப்புள்ளி கிடைக்கல்ல. வீட்டில் யாரும் வகுப்பைச் சந்தேகிக்கல்ல. "மூளை வகுப்புக்கே அனுப்பியும் இவனுக்கு மூளை வரல்லயே" என்றாங்க, அவனுக்கு முன்னாலேயே. வகுப்பு கொடுத்த முதல் வாக்குறுதி நிறைவேறிச்சு, ரெண்டாவது நிறைவேறல்ல. அந்தத் தோல்வி மட்டும் பத்து வயசுப் பையன் பேரில் எழுதப்பட்டுது. பயிற்சி பெயிலானால் பிள்ளைதான் பெயில் என்று ஆகிற இந்தக் கணக்கைத்தான் நாம மாத்தணும்.

அதனால் தம்பி தங்கச்சி, மச்சான் மகள் என்று யாரையாவது சேர்க்கப் போறாங்க என்றால், கூடப் போங்க. போய் மூணு கேள்வி கேளுங்க. ஒன்று: இங்கே என்ன பழக்குவீங்க, அது மட்டும் நல்லா வருமா, அல்லது பழகாத பாடமும் வரும் என்று சொல்றீங்களா? ரெண்டு: பழகாத பாடமும் வரும் என்றால், யாரை யாரோட ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிச்சீங்க? மூணு: வரல்ல என்றால் காசைத் திருப்பித் தருவீங்களா, அல்லது பிள்ளையில் பிழை சொல்லுவீங்களா? நேர்மையான அபகஸ் ஆசிரியர் முதல் கேள்விக்கே "கணக்கு வேகமாக வரும், அவ்வளவுதான்" என்று சொல்லுவார். அவரிடம் தாராளமாகச் சேர்க்கலாம்.

வெளியே வந்த பிறகு இன்னொரு வேலையும் இருக்கு. உங்க ஊர்ப் பாடசாலையில் கணித ஆசிரியர் இருக்காரா என்று விசாரிங்க. இல்லாவிட்டால், விடுமுறைக்கு ஊருக்கு வர்ற கம்பஸ் பிள்ளைகள் நாம இத்தனை பேர் இருக்கோம்; கிழமைக்கு ரெண்டு பின்னேரம் ஒதுக்கினால் ஏலக் கணக்குக்கும் கொப்பிக் கணக்குக்கும் நடுவில் நாமளே பாலம் போடலாம். வாடிக்குப் போய்த் திரும்பின பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம், பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதலாம். அந்த வகுப்புக்கு மூளை என்று பேர் வைக்கத் தேவையில்ல. பின்னேர வகுப்பு என்று வச்சால் போதும்.